குடுவைக்குள் நித்தியகல்யாணி: ஒரு உப்புக் கணக்கின் வரலாறு

நித்தியகல்யாணிக்கு இன்னொரு பேர் சுடுகாட்டு மல்லி. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் சுவர் ஓரம், கல்லறைத் தோட்டம், கடற்கரை மணல் எங்கே பார்த்தாலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே பூத்துக் கிடக்கும். உப்புக் காற்றைப் பொருட்படுத்தாது. ஆடு மாடு வாய் வைக்காது. இலை அவ்வளவு கசப்பு. அந்தக் கசப்பில்தான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளும் இருக்கின்றன. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இல்லாத சிகிச்சைத் திட்டத்தைப் பார்ப்பது அரிது.

சிக்கல் அளவில்தான். 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் இன்னும் மோசம்: 1 கிராமுக்கு சுமார் 2000 கிலோ. 2019-ல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டினுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. தயாரித்துக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று விலகிக்கொள்ள, மற்றதால் ஈடுகொடுக்க முடியவில்லை. அது இலைப் பஞ்சத்தால் வந்த தட்டுப்பாடு அல்ல. ஆனால் ஒரு குழந்தையின் உயிர் எவ்வளவு மெல்லிய சங்கிலியில் தொங்குகிறது என்பதை அது காட்டிவிட்டது.

அப்போது எனக்கு வந்த கேள்வி: செடியை வயலில் வளர்ப்பதற்குப் பதிலாக, அதன் செல்களை மட்டும் ஒரு தொட்டியில் வளர்த்து மருந்தை எடுத்தால் என்ன? பீர் காய்ச்சுகிற மாதிரி. திசு வளர்ப்பு என்ற நுட்பம்தான் இருக்கிறதே? வாழைக்கன்று, ஆர்க்கிட் எல்லாம் அப்படித்தானே லட்சக்கணக்கில் வருகிறது?

நான் தாவரவியல்காரன் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷத்துக்கும் மேலாக சாஃப்ட்வேரில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தபோது, விடையின் பாதி ஒரு சமையல் குறிப்பில் இருப்பது தெரிந்தது. செல்லுக்கு என்ன சாப்பாடு போடுகிறோம் என்ற குறிப்பு. அதன் வரலாறுதான் இந்தப் பதிவு.

செடி என்ன சாப்பிடுகிறது?

மண்ணே இல்லாமல், தண்ணீரில் சில உப்புகளைக் கரைத்தே செடியை வளர்க்கலாம் என்பதை 1860-களில் ஜெர்மனியில் யூலியஸ் ஸாக்ஸ், வில்ஹெல்ம் நாப் ஆகியோர் செய்து காட்டினார்கள். கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், கொஞ்சம் இரும்பு. நாப் கரைசல் என்று இன்றைக்கும் அதற்குப் பேர்.

1902-ல் ஆஸ்திரியாவின் ஹேபர்லாண்ட் அடுத்த படியை யோசித்தார். முழுச் செடி எதற்கு, இலையிலிருந்து பிரித்த தனிச் செல்லை நாப் கரைசலிலும் சர்க்கரையிலும் போட்டால்? செல்கள் சில வாரங்கள் உயிரோடு இருந்தன. கொஞ்சம் பருத்தன. ஆனால் ஒன்றுகூட இரண்டாகப் பிரியவில்லை. யோசனை சரி, சாப்பாடு போதவில்லை.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. 1934-ல் அமெரிக்காவில் பிலிப் ஒயிட், தக்காளி வேரை வெட்டி எடுத்து உப்பு, சர்க்கரை, ஈஸ்ட் சாறு கலந்த திரவத்தில் தொடர்ந்து வளர்த்துக் காட்டினார். 1939-ல் பிரான்ஸில் கோத்ரே, நோபேகூர், அமெரிக்காவில் அதே ஒயிட் என மூன்று பேர் தனித்தனியாக, உருவமில்லாத செல் திரளை முடிவில்லாமல் வளர்க்க முடியும் என்று அறிவித்தார்கள். இந்தத் திரளுக்குத்தான் கேலஸ் என்று பேர். வெட்டுப்பட்ட மரக்கிளையில் காயத்தை மூடிக்கொண்டு ஒரு கட்டி வளருமே, அந்த மாதிரி.

1941-ல் வான் ஓவர்பீக் என்பவரும் கூட்டாளிகளும் ஊமத்தையின் இளங்கருவை வளர்க்கத் தேங்காய்த் தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். அதுவரை கைகொடுக்காத கருக்கள் வளர்ந்தன. தேங்காய்க்குள் இருப்பதே ஒரு கருவை வளர்ப்பதற்கான நீர்தானே, நமக்கு இதில் ஆச்சரியம் என்ன! ஆனால் அதில் எது வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஈஸ்ட் சாறும் அப்படித்தான், தேங்காய்த் தண்ணீரும் அப்படித்தான். கைப்பக்குவம் தெரியும், கணக்கு தெரியாது.

புகையிலைச் சாற்றின் ரகசியம்

கணக்கைத் தந்தது அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்க் ஸ்கூக்கின் ஆய்வகம். ஸ்கூக் சுவீடனில் பிறந்தவர், 1932 ஒலிம்பிக்ஸில் 1500 மீட்டர் ஓடியவர். 1955-ல் அவர் ஆய்வகத்தில்தான் செல் பிரிவைத் தூண்டும் கைனெட்டின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. எதிலிருந்து தெரியுமா? ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.விலிருந்து. ஹெர்ரிங், நம்ம மத்தியின் குடும்பத்து மீன்.

அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் ஹவாய்க்காரர் தோஷியோ முராஷிகே. புகையிலைத் தண்டின் கேலஸை ஒயிட் ஊடகத்தில் வளர்த்தபோது, அதில் புகையிலை இலையின் சாற்றைக் கலந்தால் வளர்ச்சி நான்கைந்து மடங்கு கூடியது. இலைச் சாற்றில் ஏதோ ஒரு புதிய ஹார்மோன் ஒளிந்திருக்கிறது, அதைப் பிடிக்க வேண்டும் என்பது திட்டம். தேடிக்கொண்டே போனால், அந்த வளர்ச்சியின் பெரும்பகுதிக்குக் காரணம் ஹார்மோனே இல்லை. இலையில் இருந்த சாதாரண உப்புகள், முக்கியமாக நைட்ரஜனும் பொட்டாசியமும். செல்கள் இத்தனை நாள் பட்டினியாகக் கிடந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

1962-ல் முராஷிகேவும் ஸ்கூக்கும் புதிய பட்டியலை வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அம்மோனியம் நைட்ரேட் 1650 மி.கி., பொட்டாசியம் நைட்ரேட் 1900, கால்சியம் குளோரைடு 440, மெக்னீசியம் சல்பேட் 370, பொட்டாசியம் பாஸ்பேட் 170. சர்க்கரை 30 கிராம். மேலே துளியளவு இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், போரான், தாமிரம், அயோடின், கொஞ்சம் விட்டமின். இருவரின் முதலெழுத்தைச் சேர்த்து எம்.எஸ். ஊடகம் என்பார்கள். உலகத்தில் எந்தத் திசு வளர்ப்புக் கூடத்துக்குப் போனாலும் இந்தப் பேரைக் கேட்கலாம். தாவர அறிவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

அந்தக் கட்டுரையின் தலைப்பைக் கவனியுங்கள். புகையிலைத் திசு வேகமாக வளரவும், உயிரியல் சோதனைகளுக்கும் ஏற்ற, திருத்தப்பட்ட ஊடகம் என்பதுதான் அதன் பொருள். புகையிலை, வேகமான வளர்ச்சி, சோதனை. மூன்றே விஷயம். மருந்து என்ற சொல்லே கிடையாது. அளந்தது எடையை. எடை கூடினால் ஊடகம் நல்லது, இல்லாவிட்டால் மோசம்.

சாஃப்ட்வேர் ஆளுக்கு இந்த இடத்தில் மூக்கு வேர்த்துவிடும். ஒரு வேலைக்காக ஒருவர் வைத்த டீஃபால்ட் மதிப்பு, நன்றாக வேலை செய்வதால் எல்லாரும் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். பத்து வருஷம் கழித்து அது எதற்காக வைக்கப்பட்டது என்பதே மறந்துபோகும். வேறு ஏதோ வேலை சொதப்பும்போது எல்லாவற்றையும் சந்தேகப்படுவோம், அந்த ஒரு வரியைத் தவிர. எம்.எஸ். ஊடகத்துக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

மருந்து வராத தொட்டிகள்

செல்லை வளர்த்து மருந்து எடுக்கலாம் என்ற எண்ணம் எம்.எஸ். ஊடகத்துக்கு முன்பே இருந்தது. 1956-லேயே ஃபைசர் கம்பெனியின் ரூட்டியன், நிக்கல் என்ற இருவர், தாவரத் திசு வளர்ப்பின் மூலம் பொருள்களைத் தயாரிக்க அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். பென்சிலின் வெற்றி அப்போது கண்முன்னால் இருந்தது. பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்து மருந்து எடுக்க முடியும் என்றால் செடியின் செல்லை வளர்த்து ஏன் எடுக்கக் கூடாது?

அதே காலத்தில்தான் நித்தியகல்யாணியும் மேடைக்கு வந்தது. ஜமைக்காவில் இந்த இலையில் தேநீர் போட்டு நீரிழிவுக்குக் குடிக்கும் பழக்கம் இருந்தது. அந்த இலை கனடாவுக்குப் போய், ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோரின் ஆய்வகத்தில் எலிகளுக்குக் கொடுக்கப்பட்டது. சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. 1958-ல் அவர்கள் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார்கள். எலை லில்லி கம்பெனியில் கார்டன் ஸ்வபோடா தனியாக அதே செடியில் வேலை செய்துகொண்டிருந்தார். 1963-ல் வின்கிரிஸ்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது.

மருந்து தயார், தேவை தயார், எம்.எஸ். ஊடகமும் தயார். செல்கள் தளதளவென்று வளர்ந்தன. ஆனால் பெரும்பாலான வளர்ப்புகளில் மருந்துப் பொருள் செடியில் இருப்பதைவிட மிகக் குறைவு. சிலவற்றில் சுத்தமாக இல்லை. நித்தியகல்யாணி மட்டுமில்லை, பல செடிகளின் கதையும் இதுதான். உருவமில்லாத செல்லுக்கு மருந்து செய்யத் தெரியாது என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள்.

ஜப்பானின் ஊதா வேர்

அந்த முடிவை அசைத்தது ஜப்பானில் முராசாகி என்று அழைக்கப்படும் ஒரு செடி. அதன் வேரில் ஷிகோனின் என்ற ஊதாச் சாயம் இருக்கிறது. அங்கே துணிக்குச் சாயமாகவும் புண்ணுக்குக் களிம்பாகவும் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டது. வேர் முற்றப் பல வருஷம் ஆகும், அப்போதும் சாயம் 1 முதல் 2 சதவீதம்தான். நாட்டிலேயே செடி அருகிப்போய் வெளியிலிருந்து இறக்குமதி செய்யும் நிலை.

கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மமோரு தபாடா 1970-களில் அதன் கேலஸை வளர்த்தார். சாயம் என்பதால் ஒரு வசதி: மருந்து வந்ததா இல்லையா என்று கண்ணாலேயே பார்க்கலாம், செல் சிவந்துவிடும். மிட்சுயி பெட்ரோகெமிக்கல் கம்பெனியின் யசுஹிரோ ஃபுஜிடா குழு இதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோக இறங்கியது. அங்கே ஒரு விசித்திரம். எம்.எஸ். வழிவந்த திரவ ஊடகத்தில் செல்கள் நன்றாக வளர்ந்தன, சாயம் இல்லை. பழைய ஒயிட் ஊடகத்தில் வளர்ச்சி மந்தம், ஆனால் செல்கள் சிவந்தன.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பட்டியலில் ஒவ்வொரு பொருளாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். நம்ம டீபக்கிங் மாதிரியேதான். முக்கியக் குற்றவாளி அம்மோனியம். ஒயிட் ஊடகத்தில் நைட்ரஜன் நைட்ரேட்டாக மட்டும் இருக்கிறது. எம்.எஸ். வகையில் அம்மோனியமும் சேர்ந்து இருக்கிறது. அம்மோனியம் இருந்தால் ஷிகோனின் வராது. தாமிரத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினால் ஷிகோனின் ஏறியது.

அப்படியே எம்-9 என்ற உற்பத்தி ஊடகம் பிறந்தது. ஃபுஜிடா குழுவின் புத்திசாலித்தனம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் வரிசையாக வைத்தது. முதல் தொட்டியில் வளர்ச்சி ஊடகம், அதில் செல் பெருகட்டும். பிறகு அதை 750 லிட்டர் தொட்டிக்கு மாற்றி, எம்-9 ஊடகத்தில் இரண்டு வாரம், சாயம் சுரக்கட்டும். ஆக மொத்தம் 23 நாள். செல்லின் உலர் எடையில் ஷிகோனின் வேரில் இருப்பதைப்போலப் பல மடங்கு. 1983-ல் விற்பனைக்கு வந்தது. தாவரச் செல் வளர்ப்பிலிருந்து வணிகரீதியாகத் தயாரான முதல் பொருள்களில் ஒன்று அதுதான். கானெபோ கம்பெனி அந்தச் சாயத்தில் லிப்ஸ்டிக் செய்து விற்றது.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. அதே எம்.எஸ். வகை ஊடகத்தை அகர் போட்டுக் கெட்டியாக்கினால் செல்கள் சாயம் தந்தன, திரவமாக வைத்தால் தரவில்லை. அகர் வெறும் ஜெல்லிதானே, அது எப்படிச் சாயம் தரும்? 1983-ல் தபாடாவின் குழுவே விடை சொன்னது: அகரில் இருக்கும் அமிலத் தன்மையுள்ள ஒரு பல்சர்க்கரைதான் செல்லைத் தூண்டுகிறது. அகர் கடற்பாசியிலிருந்து வருவது. நம்ம மன்னார் வளைகுடாவில் இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் முக்குளித்து எடுக்கிற பாசியிலிருந்தும்தான். மேசை என்று நினைத்த பொருளே சாப்பாட்டில் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது.

அம்மோனியா என்ன செய்கிறது?

அம்மோனியா என்றால் வடசென்னைக்காரர்களுக்குப் புத்தகச் சொல் இல்லை. மணலியில் 1966-ல் தொடங்கிய மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971-லிருந்து அம்மோனியாவும் யூரியாவும் செய்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி நடுராத்திரியில் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பயிருக்குச் சோறு போடுகிற பொருள்தான் அது. எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

செல்லுக்குள்ளும் அப்படித்தான். நைட்ரேட்டைச் செல் அப்படியே பயன்படுத்த முடியாது. இரண்டு நொதிகளை வைத்து, ஆற்றலைச் செலவழித்து, அதை அம்மோனியமாக மாற்றிய பிறகுதான் புரதம் செய்ய முடியும். அம்மோனியத்தை நேரடியாகக் கொடுத்தால் அந்தச் செலவு மிச்சம். கூலி இல்லாமல் வந்த அரிசி மாதிரி. செல் வேகமாகப் புரதம் செய்யும், பிரியும், எடை கூடும். சர்க்கரையிலிருந்து வரும் கார்பனும் அந்தப் பக்கமே ஓடிவிடும். கூடவே, அம்மோனியத்தை உள்ளே இழுக்கும் செல் அமிலத்தை வெளியே தள்ளுவதால் ஊடகம் புளிக்க ஆரம்பிக்கும்.

மருந்துப் பொருள்களோ செடிக்கு அன்றாடச் சோறு அல்ல. பூச்சி கடிக்காமல், பூஞ்சை பிடிக்காமல், வெயிலில் கருகாமல் இருக்கச் செடி செய்துகொள்ளும் தற்காப்பு. வளமான காலத்தில் செல் வளர்வதைப் பார்க்கும். நெருக்கடி வந்தால் கோட்டைச் சுவரைக் கட்டும். அதனால் பல செடிகளில் சாப்பாட்டைக் கொஞ்சம் இறுக்கினால் மருந்து கூடுகிறது.

நித்தியகல்யாணியில் இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் ஜெர்மானியர்கள். 1977-ல் மெயின்ஹார்ட் ட்ஸெங்க் குழு, அதிக மருந்து தரும் செல் வரிசைகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றுக்கென்றே ஓர் ஆல்கலாய்டு உற்பத்தி ஊடகத்தை வடிவமைத்தது. அஜ்மாலிசின், செர்பென்டைன் என்ற இரண்டு ஆல்கலாய்டுகள் கணிசமாக வந்தன. 1980-ல் க்னோப்ளோக், பெர்லின் என்ற இருவர் இன்னும் துணிந்து போனார்கள். நன்றாக வளர்ந்த செல்களை எடுத்து, நைட்ரஜனும் பாஸ்பேட்டும் ஹார்மோனும் இல்லாத, 8 சதவீதச் சர்க்கரை போட்ட கரைசலுக்கு மாற்றினார்கள். வளர்ச்சி நின்றது, ஆல்கலாய்டு ஏறியது. பாஸ்பேட்டைத் திரும்பச் சேர்த்தால் ஆல்கலாய்டு இறங்கியது.

இதை வைத்து, பட்டினி போட்டால் மருந்து வரும் என்று சூத்திரம் எழுதிவிடக் கூடாது. ஆல்கலாய்டுக்குள்ளேயே நைட்ரஜன் இருக்கிறது. அது வேண்டும். எந்த வடிவத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு என்பது செடிக்குச் செடி மாறும். அதனால்தான் ஒவ்வொரு மூலிகைக்கும் தனியாக உட்கார்ந்து இந்தப் பட்டியலை ஆராய வேண்டியிருக்கிறது.

தார்வாடும் திருச்சியும்

அப்படி உட்கார்ந்து ஆராய்ந்த வேலை நம்ம பக்கம் நிறைய நடந்திருக்கிறது. வெளியே பேசப்படுவதுதான் குறைவு.

அமுக்கராவை எடுத்துக்கொள்ளுங்கள். அசுவகந்தா என்று கடையில் டப்பாவில் விற்கிறார்களே, அதுதான். அதன் மருந்துப் பொருள்களுக்கு விதனோலைடுகள் என்று பேர். தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் பிரவீன் நாகெல்லா, எச். என். மூர்த்தி ஆகியோர், அமுக்கராவின் நுண்ணுயிர் மரபணு ஏற்றிய வேர்களைக் குடுவையில் வளர்த்து, எம்.எஸ். பட்டியலில் உள்ள பெரிய உப்புகள் ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்துச் சோதித்தார்கள். நைட்ரஜனில் வந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. வேரின் எடை அதிகமானது, அம்மோனியமும் நைட்ரேட்டும் சேர்ந்து, நைட்ரேட் தூக்கலாக இருந்த ஊடகத்தில். விதனோலைடு ஏ அதிகமானது, அம்மோனியமே இல்லாமல், நைட்ரேட்டும் பாதிக்குக் குறைத்த ஊடகத்தில். ஒரே வேர், இரண்டு கேள்வி, இரண்டு வெவ்வேறு விடை. எடையை மட்டும் அளந்திருந்தால் இரண்டாவது விடை கண்ணிலேயே பட்டிருக்காது.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் ஏ. கணபதியின் குழுவில் ஜி. சிவானந்தனும் மற்றவர்களும் அதே அமுக்கராவை வேறு பக்கமிருந்து பிடித்தார்கள். கஞ்சிப்பாசியின் சாற்றைச் செல் வளர்ப்பில் கலந்தார்கள். செல்லின் எடையும் விதனோலைடும் இரண்டுமே கூடின. பாசிச் சாற்றில் உப்பும் இருக்கிறது, சர்க்கரைச் சங்கிலிகளும் இருக்கின்றன. ஜப்பான் அகர் கதையோடு சேர்த்துப் பார்த்தால் இது தற்செயலாகத் தெரியவில்லை.

இன்னொரு ஆய்வில் அவர்கள் கைட்டோசானைப் பயன்படுத்தினார்கள். அது இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. காசிமேட்டில் ஏலம் முடிந்த பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிறோமே, அந்த ஓடுதான். பூஞ்சையின் செல் சுவரிலும் இதே வகைப் பொருள் உண்டு. அதனால் கைட்டோசானைத் தொட்டதும் வேர், பூஞ்சை தாக்க வந்துவிட்டது என்று நினைத்துத் தற்காப்பைக் கட்ட ஆரம்பிக்கிறது. கண்டிப்பாகச் சொன்னால் இது சாப்பாடு இல்லை, பொய் அலாரம். ஆனால் அலாரம் அடிக்கும்போது செல்லின் கையில் சர்க்கரை இருக்க வேண்டும், சரியான நைட்ரஜன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் கட்டச் செங்கல் கிடைக்காது.

அப்படியானால் வின்பிளாஸ்டின்?

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். இவ்வளவு தெரிந்தும் வின்பிளாஸ்டின் ஏன் இன்னும் தொட்டியில் வரவில்லை?

காரணம், அது இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய மூலக்கூறு. ஒரு துண்டு கேதரான்தின், மற்றது விண்டோலின். கேதரான்தினைச் செல் வளர்ப்பிலும் பார்க்க முடிகிறது. விண்டோலின்தான் வருவதில்லை. அதன் கடைசிப் படிகள் இலையில் உள்ள பால் செல்கள் போன்ற சிறப்புச் செல்களில், வெளிச்சத்தின் உதவியோடு நடக்கின்றன என்று 1990-களில் வந்த ஆய்வுகள் காட்டின. உருவமில்லாத கேலஸில் அந்த அறையே கிடையாது. அறை இல்லாத வீட்டில் எந்த மளிகையைக் கொண்டுபோய் இறக்கினாலும் அந்தச் சமையல் நடக்காது. ஊடகத்தின் எல்லை இது.

எல்லைக்குள் இருக்கிறவை ஜெயித்திருக்கின்றன. யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்த பாக்ளிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து இன்று யூ செல்களைப் பெரும் தொட்டிகளில் வளர்த்துத் தயாராகிறது. ஜெர்மனியில் ஃபைட்டன் கம்பெனியின் தொட்டிகள் 75,000 லிட்டர் வரை போகும். இந்த முறைக்கு மாறியதற்காக பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனிக்கு 2004-ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. வின்பிளாஸ்டினுக்கோ வேறு வழி தேடுகிறார்கள். 2022-ல் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் உள்ள ஒரு குழு, நித்தியகல்யாணியின் மரபணுக்களை ஈஸ்டுக்குள் ஏற்றி, 30 நொதிப் படிகளைக் கடந்து, இரண்டு துண்டுகளையும் ஈஸ்டிலேயே செய்யவைத்தது. கடைசி ஒட்டு வேலை வேதியியல் முறையில் நடந்தது. பெரிய சாதனை. ஆனால் கிடைத்த அளவு மிகக் குறைவு.

ஆக, இன்றைக்கும் இலைதான் ஆதாரம். திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகப் போடுகிறார்கள். இலையும் வேரும் வெளிநாட்டுக்குப் போகின்றன. அங்கேயும் இதே கணக்கு இருக்கிறது: விவசாயி எடைக்கு விற்கிறார், வாங்குகிறவர் மருந்துக்காக வாங்குகிறார். நைட்ரஜன் உரம் தள்ளினால் எடை கூடும். மருந்தின் அளவு அதே விகிதத்தில் கூடுமா என்பது தனிக் கேள்வி. எடைக்கு மட்டுமே காசு கொடுக்கும் சந்தையில் அந்தக் கேள்வியை விவசாயி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இலையில் உள்ள ஆல்கலாய்டுக்கு விலை வைத்தால், தார்வாடும் திருச்சியும் குடுவையில் கற்ற பாடம் வயலுக்கும் வந்து சேரும்.

'ஆய்வகத்திலேயே மூலிகை மருந்து தயார்' என்று வாட்ஸப்பிலோ பேப்பரிலோ செய்தி வந்தால் நான் இப்போது மூன்று விஷயம் தேடுகிறேன். அளந்தது எடையையா, மருந்துப் பொருளையா? நைட்ரஜனை எந்த வடிவத்தில் கொடுத்தார்கள்? வளர்ப்பதற்கும் சுரப்பதற்கும் தனித்தனி ஊடகம் வைத்தார்களா? மூன்றுக்கும் விடை இருந்தால் உட்கார்ந்து முழுசாகப் படிக்கிறேன். நீங்களும் தேடிப் பாருங்கள்.

மன்னார் வளைகுடாவின் பாசியும் அகரும் பற்றித் தனியாகவே எழுத நிறைய இருக்கிறது. அடுத்த பதிவில் பார்ப்போம்.